சக வயதினரின் கண்கள்: ஜாதவ்பூர் விடுதியும் வளரிளம் மூளையும்

வளரிளம் பருவத்தினரைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. கதவைச் சாத்திக்கொள்ளும் மகன், எதற்கெடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மகள், கையைவிட்டு இறங்காத கைபேசி, தேர்வு நேரத்துச் சண்டை என்று பெற்றோரின் கண்ணில் படுபவையே அப்பருவத்தின் முழு உருவமாகக் கொள்ளப்படுகின்றன. ஆனால், கடந்த கால் நூற்றாண்டில் மூளையியலும் உளவியலும் சேர்ந்து கண்டறிந்தவற்றுள் மிகுந்த விளைவுகளை உடையது, தம் வயதொத்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் இவ்வயதினரின் மூளை எவ்வாறு வேறுவிதமாக இயங்குகிறது என்பதே ஆகும். இதை விளங்கிக்கொள்ள விரும்புவோர், பெற்றோரின் கண்ணுக்கு எட்டாத கல்லூரி விடுதியைப் பார்ப்பதே முறை. அதிலும், இக்கேள்வி அண்மையில் மிகக் கொடுமையாக எழுந்த இடமான கொல்கத்தாவின் ஜாதவ்பூரைப் பாராமல் கடந்துபோக முடியாது.

2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் முதன்மை விடுதியின் மாடியிலிருந்து ஒரு முதலாண்டு மாணவர் கீழே விழுந்தார். மறுநாள் அதிகாலை மருத்துவமனையில் உயிரிழந்தார். வங்கமொழி இலக்கியம் படிப்பதற்காக வெளியூரிலிருந்து வந்த அவர், விடுதிக்குள் நுழைந்து சில நாட்களே ஆகியிருந்தன. அவருக்கு வயது 17; எனவே, சிறார் மீதான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவுகளும் வழக்கில் பின்னர் சேர்க்கப்பட்டன. அன்று அங்கே படித்துக்கொண்டிருந்த மாணவர்களும், படிப்பை முடித்த பின்னும் விடுதி அறையைக் காலி செய்யாமல் தங்கியிருந்தவர்களுமாகப் பத்துப் பேருக்கும் மேல் கைது செய்யப்பட்டனர். பல்கலைக்கழகம் அமைத்த விசாரணைக் குழுவும் ராகிங் நடந்தது என்றே கண்டறிந்தது. குற்றம் யாருடையது என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. அதற்கு அப்பால் நிற்கும் கேள்வி வேறொன்று: தனித்தனியே பார்த்தால் நன்றாகப் படிக்கிற, வீட்டில் செல்லப் பிள்ளைகளாக வளர்ந்த 19, 20 வயது இளைஞர்கள், ஒன்றாகச் சேர்ந்து நிற்கும்போது ஒரு புதிய பிள்ளையை ஏன் இப்படி நடத்துகிறார்கள்? அந்தப் பிள்ளையாலும் ஏன் எழுந்து வெளியே போய்விட முடிவதில்லை?

ஜாதவ்பூரில் இக்கேள்வி கூடுதலாக உறுத்துவதற்குக் காரணம் உண்டு. வங்கப் பிரிவினைக்கு எதிரான சுதேசி எழுச்சியில் 1906இல் தொடங்கப்பட்ட தேசியக் கல்விக் கழகத்தின் வழியில் வந்து, 1955இல் பல்கலைக்கழகமாக உருப்பெற்ற நிறுவனம் அது. அநீதியைக் கண்டால் தெருவில் இறங்கும் மாணவர்களுக்குப் பெயர்போனது. 2014இல் ஒரு மாணவி மீதான பாலியல் அத்துமீறல் புகாரை முறையாக விசாரிக்க வேண்டும் என்று கோரி முற்றுகையிட்ட மாணவர்கள் மீது நள்ளிரவில் போலீஸ் ஏவப்பட்டபோது, ‘ஹோக் கொலொரொப்’ என்ற முழக்கத்துடன் எழுந்த இயக்கம் கொல்கத்தா நகரையே அதிரவைத்தது. 2015 ஜனவரியில் துணைவேந்தர் பதவி விலகும்வரை அது ஓயவில்லை. மனித உரிமையைப் பற்றி இவ்வளவு பேசிய வளாகத்தின் விடுதியில், புதிதாக வருபவர்களை இரவில் அறை அறையாக நிறுத்தி ‘இன்ட்ரோ’ வாங்கும் வழக்கம் ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து வந்திருக்கிறது. ஆகவே, நல்ல கருத்துகள் மனத்தில் இல்லாததால்தான் இக்கொடுமை நிகழ்கிறது என்ற எளிய விளக்கம் இங்கே போதாது.

‘இன்ட்ரோ’ என்பது பெயரளவில் அறிமுகமே. ஊர், தந்தையின் தொழில், பள்ளி, மதிப்பெண் ஆகியவற்றைக் குறிப்பிட்ட வரிசையில், குறிப்பிட்ட சொற்களில், தடுமாறாமல் சொல்ல வேண்டும். தடுமாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சொன்ன பதில் சரியாக இருந்தாலும் சொன்ன விதம் சரியில்லை என்று ஆகும். முடியை ஒட்ட வெட்டிக்கொள்ளுதல், மூத்தவர்களுக்குத் தண்ணீர் பிடித்து வருதல், கூப்பிட்ட நேரத்தில் கடைக்கு ஓடுதல் என்பவை பகலில் நடப்பவை. ஆடையைக் களையச் சொல்வதும் உடலைக் காட்டச் சொல்வதும் இரவுக்குரியவை. இந்தியாவின் பல மருத்துவ, பொறியியல் விடுதிகளில், மூத்தவர் முன்னே நிற்கும் முதலாண்டு மாணவர் அவருடைய முகத்தைப் பார்க்கக்கூடாது, தன் சட்டையின் மூன்றாவது பொத்தானையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அற்பமாகத் தோன்றும் இவ்விதி உண்மையில் மிகவும் கணக்கிட்டுச் செய்யப்பட்டது: புதியவரை எல்லாரும் பார்க்கலாம், புதியவர் யாரையும் பார்க்கக்கூடாது. சக வயதினரின் பார்வைக்கு மனித மூளை வாழ்நாளிலேயே அதிகமாக அதிர்கின்ற வயதில் அது திணிக்கப்படுகிறது என்பதை அறிந்தால், அதன் கொடுமை இன்னும் விளங்கும்.

அந்த அதிர்வு எங்கிருந்து வருகிறது என்பதற்கு, மூளை வளரும் முறையைச் சிறிது பார்க்க வேண்டும். மனித மூளை ஆறு வயதுக்குள்ளேயே தன் முழு அளவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. அதனால் வளர்ச்சியின் பெரும்பகுதி குழந்தைப் பருவத்திலேயே முடிந்துவிடுகிறது என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஜே கீட் என்பவரும் குழுவினரும், காந்த அதிர்வுப் படக்கருவியான எம்.ஆர்.ஐ.யைக் கொண்டு ஒரே பிள்ளைகளின் மூளையை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் படமெடுத்து 1999இல் வெளியிட்ட முடிவுகள் அந்த நம்பிக்கையைக் கலைத்தன. நரம்பணுக்களின் உடல்களும் அவற்றின் இணைப்புகளும் அடர்ந்திருக்கும் சாம்பல்நிறத் திசு, மூளையின் முன்பகுதியில் பெண்களுக்கு 11 வயதளவிலும் ஆண்களுக்கு 12 வயதளவிலும் உச்சத்தை எட்டி, அதன்பின் பல ஆண்டுகள் மெல்லக் குறைந்துகொண்டே போகிறது என்பது அவர்கள் கண்டது. குறைவது என்றால் தேய்வது என்று பொருளில்லை. நெருக்கமாக முளைத்த நாற்றுகளைக் கலைத்தெடுத்தால்தான் நின்றவை தூர் கட்டும் என்பதைப் போல, பயன்படாத இணைப்புகள் நீக்கப்பட்டுப் பயன்படுபவை உறுதிப்படுகின்றன. அதே காலத்தில், நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை படர்ந்து, செய்திகள் விரைந்து செல்ல வழி செய்கிறது.

இவ்விரண்டு மாற்றங்களும் மூளை முழுவதும் ஒரே நேரத்தில் நிகழ்வதில்லை என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. விளைவைக் கணித்தல், எழும் உந்துதலை நிறுத்திவைத்தல், பலவற்றை எடைபோட்டு ஒன்றைத் தேர்தல் ஆகிய வேலைகளில் பெரும்பங்கு வகிக்கும் முன்நெற்றிப் புறணி, அதாவது நெற்றிக்கு நேர் பின்னே அமைந்த மூளையின் மேற்பகுதி, எல்லாவற்றுக்கும் கடைசியாக, 20 வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. மாறாக, இன்பத்தையும் பாராட்டையும் வெகுமதியாக உணரச் செய்யும் ஆழ்மூளைப் பகுதியான ஸ்ட்ரையாட்டமும், அங்கே இயங்கும் டோபமைன் என்னும் வேதிப்பொருளும், பூப்பெய்தும் காலத்தை ஒட்டியே கூர்மையடைந்துவிடுகின்றன. இந்த இடைவெளியைக் கொண்டு வளரிளம் நடத்தையை விளக்கும் கோட்பாட்டை லாரன்ஸ் ஸ்டைன்பர்க், பி. ஜே. கேசி ஆகியோர் வளர்த்தெடுத்தனர். வேகமும் தடையும் வெவ்வேறு வயதில் முழுமை பெறுகின்றன என்பதே அதன் சாரம். இளைஞர்கள் ஆபத்தை அறியாதவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. 15 வயதுப் பிள்ளையிடம் அமைதியாகக் கேட்டால், பெரியவர்களைப் போலவே ஆபத்தை எடைபோட்டுச் சொல்லிவிடும்.

அமைதியாகக் கேட்டால் என்ற நிபந்தனையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மார்கோ கார்ட்னரும் ஸ்டைன்பர்க்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், 13 முதல் 16 வயதினர், 18 முதல் 22 வயதினர், 24 வயதுக்கு மேற்பட்டோர் என மூன்று குழுக்களாக 306 பேர் காரோட்டும் கணினி விளையாட்டு ஒன்றை விளையாடினர். சிலர் தனியாகவும் சிலர் தம் வயதொத்தவர்கள் அருகிலிருக்கவும் விளையாடினர். தனியாக இருந்தபோது மூன்று குழுக்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. சக வயதினர் உடனிருந்தபோது பெரியவர்கள் மாறவில்லை. நடுக்குழுவினர் கூடுதலாகத் துணிந்தனர். இளையவர்கள் மிகவும் துணிந்தனர். 2011இல் ஜேசன் செயினும் ஸ்டைன்பர்க்கும் மற்றவர்களும், இதையொத்த விளையாட்டை மூளைப் படக்கருவிக்குள் படுத்தபடியே ஆடவைத்துப் பார்த்தனர். ஆடுபவருடைய நண்பர்கள் வேறொரு அறையில் இருந்தனர். தாங்கள் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதாக மட்டுமே அறிவித்தனர். அந்த அறிவிப்பே போதுமானதாக இருந்தது. வளரிளம் பருவத்தினரின் ஸ்ட்ரையாட்டம் பகுதி கூடுதலாகக் கிளர்ந்தது, சிக்னலை மீறி ஓட்டுவதும் கூடியது. பெரியவர்களிடம் அந்த மாற்றம் காணப்படவில்லை. 2014இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், இளம் சுண்டெலிகள் கூட்டாளிகள் உடனிருந்தபோது கூடுதலாக மது கலந்த நீரைக் குடித்தன. வளர்ந்த எலிகள் அவ்வாறு செய்யவில்லை. எலிகளுக்குச் சினிமாவும் இல்லை, சமூக ஊடகமும் இல்லை என்பதால், இதை முழுவதுமாக இக்காலத்துப் பண்பாட்டின் தலையில் ஏற்றிவிட முடியாது.

விடுதியின் இன்ட்ரோ அறைக்குள் இந்த அறிவோடு நுழைந்தால், அங்கே நிற்கும் எல்லாரும் வேறுவிதமாகத் தெரிகின்றனர். கட்டில்மேல் உட்கார்ந்து கேள்வி கேட்கும் இரண்டாமாண்டு மாணவர் தனக்கு முன்னே நிற்கும் புதியவருக்காகப் பேசுவதில்லை. பக்கத்துக் கட்டிலில் இருக்கும் தன் நண்பர்களுக்காகவும், கதவருகே சாய்ந்து நிற்கும் நான்காமாண்டு அண்ணனுக்காகவுமே பேசுகிறார். வங்காளத்தில் அந்த மூத்தவர் ‘தாதா’. தமிழ்நாட்டு விடுதியில் ‘சீனியர்’. ஒருவர் சொன்னதைவிட அடுத்தவர் சற்றுக் கூடுதலாகச் சொன்னால்தான் சிரிப்பு எழும். எழுந்த சிரிப்பே வெகுமதி. இப்படி ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு படி ஏறி, தனியாக இருந்தால் யாருமே செய்யத் துணியாத ஒன்றை நள்ளிரவில் எல்லாருமாகச் சேர்ந்து செய்து முடிக்கின்றனர். மறுநாள் விசாரணையில் ஒவ்வொருவரும் தான் சும்மா நின்றதாகவே சொல்வார்கள். பலர் அதை உண்மை என்றே நம்பவும் செய்வார்கள்.

நடுவில் நிற்கும் புதியவரின் மூளையும் அதே வயதுடையதுதான். அவருக்கு எதிரே இருப்பது விலக்கப்படுவோமோ என்ற அச்சம். இதை ஆராய உளவியலாளர்கள் ‘சைபர்பால்’ என்னும் எளிய கணினி விளையாட்டைப் பயன்படுத்துகின்றனர்: திரையில் மூவர் பந்தெறிந்து விளையாடுவர், சிறிது நேரத்தில் மற்ற இருவரும் ஆய்வுக்கு வந்தவருக்குப் பந்தை எறிவதையே நிறுத்திவிடுவர். நேவோமி ஐசன்பெர்கரும் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வளவு அற்பமான ஒதுக்கலின்போதுகூட, உடல்வலியின் துயரத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதி கிளர்வதைக் காட்டியது. லண்டனில் சாரா ஜெய்ன் பிளேக்மோரின் குழு, வளரிளம் பெண்களையும் வளர்ந்த பெண்களையும் ஒப்பிட்டபோது, அதே விளையாட்டுக்குப் பின் இளையவர்களின் மனநிலையே மேலும் தாழ்ந்தது. முகமறியாத இருவர் திரையில் பந்து தராததற்கே இவ்வளவு என்றால், நான்கு ஆண்டுகள் கூட வாழவேண்டிய முழு விடுதியும் ஒதுக்கிவிடும் என்ற அச்சம் 17 வயதில் எவ்வளவு பெரிதாக இருக்கும்! “பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்திருக்கலாமே” என்று பின்னால் கேட்பவர்கள், பெரும்பாலும் நாற்பது வயது மூளையை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள்.

இரவு நேரம் என்பதும் தற்செயலன்று. உறக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்னும் சுரப்பு, வளரிளம் பருவத்தில் குழந்தைப் பருவத்தைவிடப் பிந்திச் சுரக்கத் தொடங்குகிறது. மேரி கார்ஸ்கடன் பல ஆண்டுகள் ஆராய்ந்து நிலைநாட்டிய உண்மை இது. வார்டன் உறங்கும் நேரத்தில் விடுதி முழு விழிப்பில் இருக்கிறது. முதலாண்டு மாணவர்களோ பின்னிரவு வரை நிறுத்திவைக்கப்பட்டு, காலை வகுப்புக்கும் போகவேண்டியவர்கள். சில நாட்கள் உறக்கம் கெட்டாலே உணர்ச்சியை அடக்கும் ஆற்றலும் நிதானமும் எந்த வயதினருக்கும் குன்றிவிடும்.

இவ்வயதின் நிலையைக் கருவிகள் எதுவும் இல்லாத காலத்திலேயே வங்காளத்தில் ஒருவர் கண்டுகொண்டார் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரவீந்திரநாத் தாகூர் 1890களில் எழுதிய ‘சுட்டி’ (விடுமுறை) என்னும் சிறுகதையில், கிராமத்தில் பிள்ளைகள் கூட்டத்துக்குத் தலைவனாகத் திரிந்த ஃபடிக் என்னும் சிறுவன், படிப்பதற்காகக் கொல்கத்தாவில் மாமா வீட்டுக்கு வருகிறான். அங்கே அத்தைக்கு அவன் சுமை; மாமன் மக்களுக்கு அவன் வெட்கக்கேடு; பள்ளியில் அவன் மந்தன். பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன் குழந்தைக்குரிய கொஞ்சலும் பெரியவனுக்குரிய மதிப்பும் கிடைக்காமல், யாராவது ஒருவர் சிறிது அன்பு காட்டமாட்டார்களா என்று ஏங்கும் நிலையைக் கதையின் நடுவே நிறுத்தித் தாகூர் விரித்துரைக்கிறார். ஊருக்குப் போக விடுமுறை எப்போது என்று கேட்டுக்கொண்டே அச்சிறுவன் காய்ச்சலில் கிடக்கிறான். ஊர்ப்புறத்திலிருந்து கொல்கத்தாவுக்குப் படிக்க வந்த பிள்ளையைக் காப்பவர் யார் என்ற கேள்வியை அக்கதை நூறாண்டுகளுக்கும் முன்பே கேட்டுவிட்டது.

இனி, ராகிங்கை ஆதரிப்பவர்கள் மனமாரச் சொல்லும் வாதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால் ஒற்றுமை வராது, அதைத் தாண்டியதால்தான் நெருங்கிய நட்பு கிடைத்தது என்று, தாங்களே துன்பப்பட்டவர்கள்கூடச் சொல்வதுண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த உணர்வு எப்படி உருவாகிறது என்பதை எலியட் ஆரன்சனும் ஜட்சன் மில்ஸும் 1959இலேயே காட்டிவிட்டனர். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர விரும்பிய கல்லூரிப் பெண்களில் சிலரை, ஆய்வாளர் முன்னே ஆபாசச் சொற்களை உரக்கப் படிக்கும் சங்கடமான சோதனைக்கு உட்படுத்தினர். மற்றவர்களை எளிதாக விட்டனர். பின்னர் அனைவரும் கேட்ட கலந்துரையாடல், வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி அமைக்கப்பட்டது. கடும் சோதனையைக் கடந்தவர்களே அந்தச் சலிப்பூட்டும் குழுவை மிகவும் சுவையானது என்று மதிப்பிட்டனர். பட்ட துன்பம் வீண் என்று ஒப்புக்கொள்வதைவிட, கிடைத்தது உயர்ந்தது என்று நம்புவது மனத்துக்கு எளிது. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகளே முதுமையிலும் தெளிவாக மேலெழும் என்பது நினைவாற்றல் ஆய்வுகள் சொல்வது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், முதலாண்டில் குனிந்து நின்றவர் அடுத்த ஆண்டு ஏன் கட்டில்மேல் உட்காருகிறார் என்பது விளங்கும். தான் பட்டதை அடுத்தவர் படாமல் விட்டால், தான் பட்டதற்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

இவ்வளவையும் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை தேவை. மூளை 25 வயதில்தான் முழுமையடைகிறது என்று இப்போது எங்கும் சொல்லப்படுகிறது. அவ்வளவு கூரான எல்லைக்கோடு எந்த ஆய்விலும் இல்லை. வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு காலத்தில் முதிர்கின்றன, ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகுதி, மூளைப் படங்கள் காட்டுவது குழுக்களின் சராசரியை மட்டுமே. ஆய்வுகளில் பெரும்பாலானவை மேலை நாட்டு இளைஞர்களை வைத்து நடந்தவை. இக்குறையை ஓரளவு ஈடுசெய்வது, கிரேஸ் ஐசனோகில், ஸ்டைன்பர்க் உள்ளிட்டோர் 2019இல் வெளியிட்ட பெரிய ஆய்வு. இந்தியா, சீனா, கென்யா, கொலம்பியா, ஜோர்டான் முதலிய 11 நாடுகளில், 10 முதல் 30 வயது வரையிலான 5,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட அவ்வாய்வில், தர்க்கம், நினைவு போன்ற அறிவாற்றல்கள் 16 வயதளவில் பெரியவர்களின் நிலையை எட்டிவிடுவதும், உந்துதலை அடக்குதல், பின்விளைவை நினைத்தல் போன்ற மனமுதிர்ச்சி 18 வயதுக்குப் பின்னும் வளர்ந்துகொண்டிருப்பதும் தெரியவந்தன. இந்தியச் சட்டமோ இந்த இடத்தில் தடுமாறுகிறது. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், கொடுங்குற்றம் செய்ததாகக் கூறப்படும் 16 முதல் 18 வயதினரின் மனத்திறனை முன்மதிப்பீடு செய்து, பெரியவராக விசாரிக்கலாமா என்று முடிவெடுக்கச் சொல்கிறது. அமைதியான அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டு அளப்பது அறிவாற்றலைத்தான். குற்றம் நடந்த இரவில் தவறியதோ மற்றொன்று.

அதற்காக, மூளையின் மீது பழியைப் போட்டுவிட்டுக் குற்றம் செய்தவர்கள் நழுவிவிடலாம் என்று ஆகாது. அதே வயது, அதே நரம்பமைப்பு, அதே நண்பர் கூட்டம்தான் 2014இல் ஜாதவ்பூர் மாணவர்களை ஒரு பெண்ணுக்காக மழையிலும் தெருவில் நடக்கவைத்தது. சக வயதினரின் பார்வை துணிச்சலையும் தரும், கொடுமையையும் தரும்; எதைத் தரும் என்பதை அந்தக் கூட்டத்தில் எது மெச்சப்படுகிறது என்பதே தீர்மானிக்கிறது. ஆகவே பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை: செய்தவர்களோடு, அந்தக் கூட்டம் அவ்வாறு கூட இடம் கொடுத்த நிர்வாகத்துக்கும் அது நீள்கிறது.

தமிழ்நாடு இப்பாடத்தை முன்பே பெருவிலை கொடுத்துக் கற்றது. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு மூத்த மாணவர் ஒருவரால் கொலை செய்யப்பட்ட அதிர்ச்சியில்தான், 1997ஆம் ஆண்டின் ராகிங் தடைச் சட்டம் பிறந்தது. 2001இல் உயர் நீதிமன்றம் விடுவித்த அந்த மூத்த மாணவருக்கு, 2011இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது. மேற்கு வங்கத்திலும் 2000ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. முன்னாள் சி.பி.ஐ. இயக்குநர் ஆர். கே. ராகவன் தலைமையில் உச்ச நீதிமன்ற ஆணைப்படி அமைந்த குழு 2007இல் அறிக்கை தந்தது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு விரிவான விதிகளை வகுத்தது. முதலாண்டு மாணவர்களைத் தனி விடுதிக் கட்டடத்தில் தங்கவைக்க வேண்டும், மூத்தவர்கள் அங்கே நுழைவதைக் கண்காணிக்க வேண்டும் என்பதெல்லாம் அவ்விதிகளில் எழுதப்பட்டே இருந்தன. 1800-180-5522 என்ற இலவச உதவி எண்ணும் அப்போதிலிருந்து உண்டு. ஜாதவ்பூரில் குறைந்தது சட்டமன்று. எழுதிவைத்த விதியை நள்ளிரவில் மாடிவரை கொண்டுபோக ஆள் இல்லை.

ஆள் என்பதில் ஆய்வு தரும் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. கரோல் சில்வா, செயின், ஸ்டைன்பர்க் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 22 வயது ஆண்கள் நால்வர் சேர்ந்த குழு தனியாளைவிடக் கூடுதலாகத் துணிந்தது. ஆனால் அந்நால்வரில் ஒருவர் 25 முதல் 30 வயதுக்குட்பட்டவராக இருந்தபோது, குழு தனியாளின் நிதானத்துக்குத் திரும்பியது. அவர் அதட்டவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. உடன் இருந்தார், அவ்வளவே. இதைப் படித்தவுடன், விடுதியில் சற்று மூத்தவர்களைத் தங்கவைத்தால் போதும் என்று தோன்றலாம். ஜாதவ்பூர் அந்த எளிய முடிவை மறுக்கிறது. அங்கே சற்று மூத்தவர்கள் இருந்தார்கள். படிப்பை முடித்த பின்னும் தங்கியிருந்த முன்னாள் மாணவர்களே கைதானவர்களில் சிலர். ஆய்வுக்கூடத்தில் வந்து சேர்ந்த மூத்தவர் அந்நியர். விடுதியின் மூத்தவரோ அதே ஏணியின் உச்சியில் அமர்ந்திருப்பவர், இளையவர்கள் மெச்சலை எதிர்நோக்கும் முகமே அவருடையது. எனவே வயதோடு, அந்த ஏணியில் இடமில்லாத ஒருவர் என்பதும் முக்கியமாகிறது: சம்பளம் பெற்று விடுதியிலேயே உறங்குகிற, இரவு 11 மணிக்கு மேலும் மாடியில் நடந்துபோகிற, முதலாண்டுப் பிள்ளைகளின் பெயரை அறிந்த இளம் ஆசிரியரோ காப்பாளரோ அவ்வாறு இருக்கலாம். படிப்பு முடிந்தவர் அறையைக் காலி செய்தே ஆகவேண்டும் என்ற விதி தங்குமிடச் சிக்கலைத் தீர்ப்பதற்கு மட்டும் என்று நினைப்பது தவறு. கூட்டத்தின் அமைப்பையே அது மாற்றிவிடும்.

மரணத்துக்குப் பின் ஜாதவ்பூரில் எழுந்த விவாதத்தில் இவற்றைவிடக் கேமராக்களே அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டன. வேந்தரான ஆளுநர் இஸ்ரோவின் தொழில்நுட்ப உதவியைக்கூட நாடினார். கண்காணிப்பு வளாகத்தின் சுதந்திரத்தைக் கெடுக்கும் என்று மாணவர் அமைப்புகள் வாதிட்டன. வாயிலில் கேமரா இருப்பது தேவைதான். யார் நுழைந்தார் என்பதை அது சொல்லும். அறைக்குள் எழும் சிரிப்பு அதில் பதிவாகாது. அதைவிட உடனடிப் பயன் தந்தது, முதலாண்டு மாணவர்களை முதன்மை விடுதியிலிருந்து வேறு விடுதிக்கு மாற்றிய நடவடிக்கையே. 2009ஆம் ஆண்டு விதி சொன்ன அதே ஏற்பாடு, ஓர் உயிர் போன பிறகு நடைமுறைக்கு வந்தது.

அந்த ஏற்பாடும் ஓராண்டுக்கே காப்பு. முதலாண்டு முடிந்தவுடன் அம்மாணவர்கள் பொது விடுதிக்கு மாறுகிறார்கள். 18, 19 வயதில், நண்பர்களின் பார்வை இன்னும் முழு வலிமையோடு இருக்கும்போது, முதன்முறையாகத் தமக்குக் கீழே ஒரு வகுப்பு இருக்கக் காண்கிறார்கள். ராகிங் செய்பவர் உருவாகும் பருவம் அதுதான். புதியவருக்குக் கையேடு, உறுதிமொழிப் படிவம், உதவி எண், அறிமுக வகுப்பு எல்லாம் உண்டு, பெற்றோரும் கையெழுத்திடுகிறார்கள். இரண்டாமாண்டுக்குப் போகிறவரும் அதே உறுதிமொழிப் படிவத்தை இன்னொரு முறை நிரப்பித் தருகிறார். புதிய அறையில் பெட்டியை வைத்த அன்று இரவு, பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் “வா, கீழே புதுப் பையன்கள் வந்திருக்கிறார்கள்” என்று அழைக்கும்போது என்ன சொல்வது, சொன்னால் நண்பர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதை அவரோடு உட்கார்ந்து பேசுவதற்குத் தனியே நாள் ஒதுக்கப்படுவது அரிது.